ஏன் அவர்கள் திரும்பிப் போகவில்லை? குறைந்த செலவுத் திகில் படங்களும் பார்வையாளரின் சொல்லும்

குறைந்த செலவில் எடுக்கப்பட்ட திகில் படங்களைப் பற்றிப் பார்வையாளர் சொல்லும் கருத்துகளைத் திரைப்பட ஆய்வு இரண்டு பெட்டிகளில் போட்டு மூடிவிடுகிறது. ஒன்று, ரசனைக் குறைவு என்னும் பெட்டி. மற்றொன்று, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்னும் கணக்குப் பெட்டி. முதலாவதில் விழுந்தவை படிக்கப்படுவதில்லை. இரண்டாவதில் விழுந்தவை கூட்டி வகுக்கப்படுகின்றன, அவையும் படிக்கப்படுவதில்லை. ஆனால் அக்கருத்துகள் படத்தின் மீதான தீர்ப்புகள் மட்டுமல்ல. பார்த்தவர் எதை முன்கூட்டியே அறிந்திருந்தார், எதை நம்ப விரும்பினார், திரையில் செத்தவர்களில் யாருக்காக வருந்தினார் என்பவற்றின் பதிவுகளும்கூட. அப்படிப் படித்தால் என்ன கிடைக்கும் என்பதற்குப் பெங்களூருவின் அண்மைக்காலத் திரை வரலாற்றிலேயே நல்ல சான்று உண்டு.

2013 நவம்பர் 29 அன்று கர்நாடகத் திரையரங்குகளில் ‘6-5=2’ என்னும் கன்னடப் படம் வெளியானது. இயக்கியவர் கே. எஸ். அசோகா, பின்னாளில் ‘தியா’ (2020) படத்தின் மூலம் பரவலாக அறியப்பட்டவர். நட்சத்திரங்கள் இல்லை, முகங்கள் புதியவை. ஆறு இளைஞர்கள் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மலையேற்றம் போகிறார்கள். காட்டில் விபரீதங்கள் தொடர்கின்றன. அவர்கள் கையோடு கொண்டுபோன ஒளிப்பதிவுக் கருவியில் பதிவானவைதாம் பார்வையாளர் காண்பவை. நடந்த நிகழ்வு என்ற அறிவிப்போடு படம் வந்தது. தலைப்பே தவறான கணக்கு. ஆறில் ஐந்து போனால் ஒன்றுதானே மிஞ்ச வேண்டும், இரண்டாவது யார் என்ற கேள்வியைச் சுவரொட்டியே கேட்டுவிட்டது. படம் வெற்றி பெற்றது. அதைப் பற்றிய பேச்சு ‘நல்ல படமா?’ என்பதைவிட ‘உண்மையா?’ என்பதையே அதிகம் சுற்றி வந்தது.

இந்தப் படத்தின் குலமரபு இரண்டு கிளைகள் கொண்டது. வெளிப்படையான கிளை, 1999-இல் டேனியல் மைரிக், எட்வர்டோ சான்செஸ் இருவரும் இயக்கிய ‘தி பிளேர் விட்ச் பிராஜெக்ட்’. அதற்கும் முந்திய கிளை, அமெரிக்கக் கோடை முகாம் கொலைப் படம். 1980 மே மாதம் வெளியான ‘ஃபிரைடே தி தர்ட்டீந்த்’ அதன் முன்மாதிரி. ஏறத்தாழ ஐந்தரை லட்சம் டாலர் செலவில், நியூ ஜெர்சியில் இயங்கிவந்த ஒரு சாரணர் முகாமிலேயே எடுக்கப்பட்டு, அமெரிக்காவில் மட்டும் சுமார் 4 கோடி டாலர் வசூலித்த படம் அது. ஊரைவிட்டு விலகிய இடம், பெரியவர்கள் இல்லாத இளைஞர் கூட்டம், ஒருவர் பின் ஒருவராகச் சாவு, கடைசியில் மிஞ்சும் ஒருத்தி. ‘ஸ்லாஷர்’ என்று பெயர் பெற்ற வகையின் எலும்புக்கூடு இதுதான். பேயோ மனிதனோ, கொல்வது யாராயினும் இந்த எலும்புக்கூடு மாறுவதில்லை.

இந்தியாவில் அமெரிக்கப் பொருளில் கோடை முகாம் என்னும் நிறுவனம் வேரூன்றவில்லை. கோடை விடுமுறை என்றால் பாட்டி வீடு. பெற்றோர் கண்ணுக்கு அப்பால் ஆணும் பெண்ணும் சில நாள் சேர்ந்து தங்கும் இடம் இங்கே வேறெங்கோதான் உருவாக வேண்டியிருந்தது. பெங்களூருவில் அது வார இறுதி மலையேற்றமாக உருவானது. வெள்ளிக்கிழமை இரவு மெஜஸ்டிக் பேருந்து நிலையத்திலும் மைசூரு சாலை சாட்டிலைட் நிலையத்திலும் முதுகுப்பையோடு நிற்கும் இளைஞர் கூட்டம் இந்நகரத்தின் அன்றாடக் காட்சி. குமார பர்வதம், தடியண்டமோள், குதிரைமுக் என்பவை அவர்களது வாய்ப்பாடு. திங்கட்கிழமை காலை அதே கூட்டம் அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் திரும்பிவிடும். 2024 தொடக்கத்தில் குமார பர்வதத்தில் கூட்டம் அளவுமீறியபின், கர்நாடக வனத்துறை மலையேற்றத்துக்கு இணைய முன்பதிவை வலியுறுத்தும் நிலை வந்தது. ஆகவே ‘6-5=2’ அமெரிக்கப் படமொன்றின் நிழல் என்று மட்டும் சொல்லிக் கடப்பது பிழை. அதன் முதல் பார்வையாளர்களில் பலர் அதே பேருந்தில் போய்வந்தவர்கள், அல்லது போக வீட்டில் அனுமதி கிடைக்காதவர்கள். இவ்விரு சாராரின் கருத்தும் ஒன்றாக இருக்க முடியாது.

இனி, ‘உண்மையென்று நம்பிவிட்டோம்’ என்ற கருத்தை எடுத்துக்கொள்ளலாம். இதைப் பார்வையாளரின் அறியாமைக்குச் சான்றாகக் காட்டுவது எளிது. ஆனால் இந்தியத் திரையரங்கில் எந்தப் படமும் தணிக்கைச் சான்றிதழ் இல்லாமல் தொடங்குவதில்லை. 1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் அந்தச் சான்றிதழ், படத்தின் பெயர், விண்ணப்பித்தவர், நீளம் ஆகியவற்றோடு முதல் காட்சிக்கு முன்பே திரையை நிறைக்கிறது. அதன்பின் புகையிலை எச்சரிக்கை. காட்டில் கண்டெடுத்த பதிவு என்று சொல்லப்படுவதற்கு முன்னதாகவே, இது வாரியம் பார்த்து ஒப்புதல் அளித்த வணிகப் படைப்பு என்ற அரசுச் சான்று பார்வையாளர் கையில் இருக்கிறது. அதைப் படித்தவர்தாம் ‘நம்பினேன்’ என்கிறார். எனவே அச்சொல்லுக்கு ‘ஏமாந்தேன்’ என்பது பொருளாகாது. ‘இரண்டு மணி நேரம் நம்புவதாக ஒப்புக்கொண்டேன், அந்த ஒப்பந்தத்தைப் படம் காப்பாற்றியது’ என்பதே அதன் பொருள். தெருக்கூத்தில் இரணியன் வேடத்துக்கு அஞ்சி விலகுபவரும் வேடம் கட்டியவர் யார் என்பதை அறிந்தவரே.

இந்த ஒப்பந்தத்தில் செலவுக் குறைவுக்குத் தனிப் பங்கு உண்டு. ஆடும் கருவி, மங்கிய ஒளி, தெளிவற்ற ஒலி, அறியாத முகம் ஆகிய அனைத்தும் வேறொரு படத்தில் குறைகள். இங்கே அவை சாட்சியங்கள். அதே 2013-ஆம் ஆண்டில், அதே நகரத்தில், பவன் குமாரின் ‘லூசியா’ பொதுமக்கள் தந்த பணத்தில் உருவாகி வெளியானது. நூற்றுச் சொச்சம் பேர் சேர்ந்து சுமார் 50 லட்சம் ரூபாயை ஒரு மாதத்துக்குள் திரட்டித் தந்தனர். அங்கே குறைந்த செலவு ஒரு பெருமை. ‘எங்கள் படம்’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை. ‘6-5=2’இல் குறைந்த செலவு ஓர் ஆதாரம். அதே வாரத்தில் வேறு திரையில் ஓடிய ஏதோவொரு நட்சத்திரமற்ற காதல் படத்தில் அது குற்றம். ஒரே பணக்குறைவு மூன்று விதமாகப் படிக்கப்பட்டிருக்கிறது. ‘லோ பட்ஜெட்’ என்பது படத்தின் பண்பு என்று எழுதும் ஆய்வேடுகள் இந்த இடத்தில் தடுக்கி விழுகின்றன. அது பார்வையாளர் படத்துக்கு அளிக்கும் பொருள்.

இத்தகைய படங்களைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் வாசகங்கள் நான்கு. முதலாவது, ‘முதல் பாதி இழுவை’. அமெரிக்கக் கோடை முகாம் படத்துக்கு இடைவேளை கிடையாது. அங்கே முதல் கொலை தொடக்கக் காட்சியிலேயே நடந்துவிடும். அதன்பின் தொய்வு வந்தாலும் அந்த முதல் சாவின் கடன் பார்வையாளரை இருக்கையில் வைத்திருக்கும். இந்தியத் திரையரங்கில் படம் நடுவே உடைகிறது. கதவு திறக்கிறது, விளக்கு எரிகிறது, பாப்கார்ன் வரிசையில் நிற்பவர்கள் படத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் கருத்து உருவாகிறது. காட்டில் தனித்திருக்கும் உணர்வை முக்கால் மணி நேரம் கட்டியெழுப்பிய படம், பார்வையாளரைக் கூட்டத்துக்குள் திருப்பி அனுப்பிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தனிமைப்படுத்த வேண்டியிருக்கிறது. ‘முதல் பாதி இழுவை’ என்பது சோம்பலான விமர்சனமாகத் தோன்றலாம். உண்மையில் அது இரு நாட்டுக் கதை அமைப்புகள் ஒன்றோடொன்று உரசும் இடத்தைத் துல்லியமாகச் சுட்டுகிறது.

இரண்டாவது வாசகம், ‘யாருக்கும் நடிக்கத் தெரியவில்லை’. இதில் ஒருவருடைய பிழைப்பு அடங்கியிருக்கிறது. ‘தி பிளேர் விட்ச் பிராஜெக்ட்’ வெளியானபோது அதன் மூன்று நடிகர்களும் தம் சொந்தப் பெயர்களிலேயே நடித்தனர். காணாமற்போனவர்களாக அவர்கள் விளம்பரப்படுத்தப்பட்டனர். சன்டான்ஸ் விழாவில் தேடுதல் துண்டறிக்கைகள் வினியோகிக்கப்பட்டன. சில பத்தாயிரம் டாலர் செலவில் படப்பிடிப்பு முடிந்த அப்படம் உலக அளவில் ஏறத்தாழ 25 கோடி டாலர் ஈட்டியது. ஆனால் திரையரங்கிலிருந்து வெளியே வந்த அமெரிக்கப் பார்வையாளர்களிடம் எடுக்கப்பட்ட சினிமாஸ்கோர் கணிப்பில் அதற்குக் கிடைத்தது ‘சி பிளஸ்’ மட்டுமே. கதாநாயகி ஹெதர் டோனஹியூவுக்கு மோசமான நடிகை என்னும் ராஸி விருது வழங்கப்பட்டது. நடிப்பு என்று தெரியாத அளவுக்கு நடித்ததற்குக் கிடைத்த பரிசு அது. கால் நூற்றாண்டு கழித்து, 2024-இல், அம்மூவரும் தங்களுக்கு உரிய பங்குத் தொகை கேட்டுப் பொதுவெளியில் கடிதம் வெளியிட வேண்டியிருந்தது.

இங்கே பார்வையாளரின் கருத்தும் நிறுவனத்தின் கணக்கும் ஒரே புள்ளியில் சந்திப்பதைக் கவனிக்க வேண்டும். ‘அவர்கள் நடிக்கவில்லை, வெறுமனே கத்தினார்கள்’ என்பது பார்வையாளருக்கு ஓர் ஏளனம். ‘அவர்கள் செய்தது நடிப்பு ஆகாது’ என்பது தயாரிப்பவருக்கு ஒரு சேமிப்பு. பெரிய நடிகர் அழுதால் அது உழைப்பு. புதுமுகம் அழுதால் அது இயல்பு. நடிகர்களின் பெயரை ஒளித்து உண்மைத் தோற்றத்தை உண்டாக்கும் ஒவ்வொரு படமும், அந்த நடிகர்களின் உழைப்பையும் சேர்த்தே ஒளித்துவிடும் வாய்ப்பு இருக்கிறது. கன்னடத்திலும் தமிழிலும் இவ்வகைப் படங்களில் அறிமுகமாகி, பின்னர் திரையில் காணக் கிடைக்காமற்போன புதுமுகங்களைப் பற்றி ஓர் ஆய்வேடு எழுதப்பட வேண்டுமென்றால் அது பார்வையாளரின் இந்த வாசகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மூன்றாவது வாசகமே எல்லாவற்றிலும் கனமானது: ‘லாஜிக் இல்லை. ஏன் அவர்கள் திரும்பிப் போகவில்லை?’ திகில் படத்தைப் பார்த்து இதைக் கேட்காதவர் இல்லை. சத்தம் கேட்கும் திசைக்கு ஏன் நடந்தாள்? ஊர்க்காரர் எச்சரித்தபோதே ஏன் கேட்கவில்லை? இருட்டியபின் ஏன் பிரிந்தார்கள்? கேள்வி தருக்கத்தைப் பற்றியதாகத் தோன்றுகிறது. பல வேளைகளில் அதன் அடியில் ஒரு நீதி ஒளிந்திருக்கிறது. போகக் கூடாத இடத்துக்குப் போனார்கள், சேரக் கூடாதவரோடு சேர்ந்து போனார்கள், ஆகவே பட்டார்கள். ‘சொன்ன பேச்சைக் கேட்டிருந்தால்’ என்ற வீட்டு வசனம் திரையரங்கின் இருட்டில் விமர்சனமாக வேடமிட்டு வருகிறது.

இந்த நீதி யாருடையது என்பதற்கு ‘ஃபிரைடே தி தர்ட்டீந்த்’ படமே விடை வைத்திருக்கிறது. அதில் கொலை செய்பவள் ஒரு தாய். அவள் மகன் முகாமின் ஏரியில் மூழ்கியபோது, காவலிருக்க வேண்டிய இளைஞர்கள் காதலில் கவனம் இழந்திருந்தார்கள் என்பது அவள் வாதம். அவள் வாதத்தில் துயரம் இருக்கிறது, ஓர் உண்மையும் இருக்கிறது. ஆனால் அவள் பல்லாண்டு கழித்துக் கொல்வது அந்த இளைஞர்களை அல்ல. அவர்களைப் போல் இருப்பவர்களை. இளைஞர்கள் தம் நடத்தைக்காகச் சாகத் தக்கவர்கள் என்பது அந்தப் படத்தில் கொலையாளியின் கருத்து. நாற்பதாண்டுகளாக அந்தக் கருத்தைப் படத்தின் கருத்தென்று விமர்சகர்கள் கண்டித்தார்கள். பார்வையாளர் சிலரோ அதைத் தம் கருத்தாகவே எடுத்துக்கொண்டார்கள். யார் வாயிலிருந்து வந்தது என்பதை மட்டும் இரு சாராரும் மறந்தார்கள்.

இது திரையோடு நின்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், மலையேற்றம் போன குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதையடுத்து எழுந்த கேள்விகளில் பல நியாயமானவை. அனுமதி முறையாகப் பெறப்பட்டதா, தீப்பருவத்தில் பாதைகள் ஏன் மூடப்படவில்லை, வழிகாட்டிகளுக்குப் பயிற்சி இருந்ததா, மீட்புப் பணி ஏன் தாமதமாயிற்று என்பவை அமைப்புகளை நோக்கிய கேள்விகள். ஆனால் அவற்றோடு சேர்ந்தே மற்றொரு கேள்வியும் புழங்கியது: இவர்களுக்கு அங்கே என்ன வேலை? இந்தக் கேள்வியின் இலக்கணம் திரையரங்கில் கேட்ட அதே இலக்கணம். தீயை விட்டுவிட்டு, தீக்குள் இருந்தவர்களின் தகுதியை விசாரிக்கிறது. செத்தவர்கள் எரிந்த காட்டிலிருந்து பதில் சொல்ல முடியாது என்பதையும் மறந்துவிடுகிறது.

திகில் படம் பார்த்ததால்தான் மக்கள் இப்படிக் கேட்கிறார்கள் என்று முடிவு கட்டுவது தவறு. பாதிக்கப்பட்டவரைப் பழிக்கும் வழக்கம் சினிமாவைவிட மூத்தது. ஆனால் அந்த வழக்கம் எந்தச் சொற்களில், எந்த நொடியில், எந்த முகத்தைக் கண்டு வெளிப்படுகிறது என்பதைக் கூர்ந்து கவனிக்க, குறைந்த செலவுத் திகில் படத்தின் பார்வையாளர் கருத்தைவிட ஏற்ற இடம் அரிது. உயிர் போகாத ஓர் ஆய்வுக்கூடம் அது. கொல்லப்படும் இருவரில் ஒருவருக்கு ‘ஐயோ’வும் மற்றவருக்குக் கைதட்டலும் கிடைத்தால், அந்த வேறுபாட்டின் காரணம் திரைக்கதையில் மட்டும் இருக்காது. இறந்த பெண் என்ன உடுத்தியிருந்தாள், எந்த மொழி பேசினாள், எந்த ஊர்க்காரியாகத் தோன்றினாள் என்பவையும் காரணமாகலாம். ஒரு சமூகம் தன் பரிவை எப்படிப் பங்கிடுகிறது என்பது இதைவிடத் தெளிவாக வெளிப்படும் தருணங்கள் சிலவே.

நான்காவது வாசகம், ‘ஒருமுறை பார்க்கலாம்’. பாராட்டும் நிராகரிப்பும் கலந்த இந்தச் சொற்றொடர், உண்மைத் தோற்றத்தை நம்பி எடுக்கப்பட்ட படங்களுக்கு நேர்ப்பொருளிலேயே பொருந்தும். அறியாமல் பார்க்கும் வாய்ப்பு ஒரே முறைதான். ‘6-5=2’ அதே பெயரில் 2014 நவம்பரில் பரத் ஜெயின் இயக்கத்தில் இந்தியில் மீண்டும் எடுக்கப்பட்டது. கதை அதுவே, உத்தி அதுவே. எனினும் கன்னடத்தில் எழுந்த ஆர்வம் இந்தியில் எழவில்லை. இரண்டையும் ஒப்பிட்டு இயக்குநர்களின் திறமையைப் பற்றி மட்டும் பேசுவது அரைகுறை ஆய்வு. இடைப்பட்ட ஓராண்டில் பார்வையாளருக்குத் தெரிந்த செய்தி மாறிவிட்டது. மறு ஆக்கம் என்று அறிவித்துக்கொண்டு வரும் ‘உண்மைப் பதிவு’ தன் வேரைத் தானே வெட்டிக்கொள்கிறது. 2013 டிசம்பரில் ஒருவர் தந்த நான்கு நட்சத்திரமும் இன்று கைப்பேசியில் பார்ப்பவர் தரும் இரண்டு நட்சத்திரமும் ஒரே பொருளின் மதிப்பீடுகள் அல்ல. அவற்றைக் கூட்டி இரண்டால் வகுத்து மூன்று என்று எழுதுபவர், பார்க்கப்படாத மூன்றாவது படம் ஒன்றுக்கு மதிப்பெண் போடுகிறார்.

கருத்துகளின் உணர்வைக் கணினியால் நேர், எதிர் என்று பிரிக்கும் ஆய்வுகள் பெருகிவரும் நகரம் இது. அவ்வாய்வுகளுக்கு இங்கே ஒரு குறிப்பான இடர்ப்பாடு உண்டு. திகில் படத்தைப் பற்றி ‘இரவு முழுக்கத் தூங்கவில்லை, இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்’ என்பது உச்சப் பாராட்டு. ‘விழுந்து விழுந்து சிரித்தோம்’ என்பது கடும் கண்டனமாகவும் இருக்கலாம், நண்பர் கூட்டத்தோடு மகிழ்ந்து கழித்த மாலையின் நன்றியாகவும் இருக்கலாம். சொல்லின் நேர்ப்பொருளை மட்டும் எண்ணும் கருவி இவ்விரண்டையும் தலைகீழாகவே பதிவு செய்யும்.

பார்வையாளரைக் குறித்த அச்சமும் ஆய்வுலகத்துக்குப் புதியதல்ல. 1980-இல் ‘ஃபிரைடே தி தர்ட்டீந்த்’ வெளியானபோது சிகாகோ விமர்சகர் ஜீன் சிஸ்கெல் தம் மதிப்புரையிலேயே கொலையாளி யாரென்று போட்டுடைத்தார். படத்தை வெளியிட்ட நிறுவனத்தின் தாய் நிறுவனத் தலைவருக்குக் கண்டனக் கடிதம் எழுதுமாறும் வாசகர்களைத் தூண்டினார். அவர் தோழர் ரோஜர் ஈபர்ட், மற்றொரு வன்முறைப் படத்தைப் பார்த்தபின், திரையில் கண்டவற்றோடு சுற்றியிருந்தவர்கள் உரக்கச் சொன்ன சொற்களும் தம்மை எப்படிக் கலக்கின என்று எழுதினார். தமிழில் 1984-இல் மணிவண்ணன் இயக்கிய ‘நூறாவது நாள்’ வெளியானபின், சென்னையை உலுக்கிய ஒரு கொலை வழக்கின் குற்றவாளி அப்படத்தால் தூண்டப்பட்டதாகப் பேசப்பட்டது. அந்தப் பேச்சில் பார்வையாளர் ஒரு நகல் இயந்திரம், பார்த்ததைச் செய்பவர். படத்தைப் பார்த்துவிட்டு, சத்யராஜின் மொட்டைத் தலையையும் வட்டக் கண்ணாடியையும் நினைத்துச் சிரித்துக்கொண்டும் பயந்துகொண்டும் வீடு திரும்பிய லட்சக்கணக்கானோரின் கருத்து எங்கும் பதிவாகவில்லை.

இந்த அச்சத்துக்கு மாற்றான பாதையை 1987-இல் கேரல் குளோவர் திறந்தார். அவர் ஐஸ்லாந்தின் இடைக்காலக் கதைமரபில் தேர்ந்த அறிஞர். ஆகவே மலிவான கொலைப் படங்களைத் தனித்தனிப் படைப்புகளாகப் பாராமல், வாய்மொழிக் கதையின் பல பாடங்களாகப் பார்த்தார். இளைஞர்களே அதிகமாக இருந்த அந்தப் பார்வையாளர் கூட்டம் படத்தின் முடிவில் கொலைகாரனோடு நிற்பதில்லை, எதிர்த்து நிற்கும் கடைசிப் பெண்ணோடு நிற்கிறது என்பது அவர் கண்டறிந்த உண்மை. ஈபர்ட் கேட்ட குரல்களும் மெய். குளோவர் கண்ட மாற்றமும் மெய். ஒரே பார்வையாளர் இடைவேளைக்கு முன்பு ஒரு பக்கமும் பின்பு மறு பக்கமும் நிற்கலாம். படம் முடிந்தபின் கேட்கப்படும் ஒற்றைக் கருத்தில் இந்தப் பயணம் காணாமற்போய்விடுகிறது.

‘மோசமான படத்தை மோசம் என்று சொல்கிறார்கள், அதில் இவ்வளவு தோண்டுவானேன்?’ என்று கேட்கலாம். கேள்வி நேர்மையானது. குறைந்த செலவுத் திகில் படங்களில் பெரும்பாலானவை அவசரத்தில் எடுக்கப்பட்டவை, முந்திய வெற்றியின் நகல்கள், பார்வையாளரின் காசையும் நேரத்தையும் மதியாதவை. அவற்றைக் குப்பை என்பவரின் தீர்ப்பு பெரும்பாலும் சரியே. மலிவான படமெல்லாம் மறைந்த மாணிக்கம் என்று வாதிடுவது மற்றொரு வகைச் சோம்பல். இங்கே கேட்கப்படுவது தீர்ப்பை மாற்ற வேண்டும் என்பதன்று. தீர்ப்பின் காரணங்களைப் படிக்க வேண்டும் என்பதே. ‘குப்பை’ என்ற ஒரே சொல்லின் பின்னால் ஒருவருக்கு ஒலிப்பதிவும், ஒருவருக்கு ஏமாற்று விளம்பரமும், ஒருவருக்குக் காட்டில் வாழும் மக்களை மந்திரவாதிகளாகக் காட்டிய இழிவும் காரணமாக இருக்கலாம். மூன்றும் மூன்று வெவ்வேறு ஆய்வுகள்.

இதில் அவசரமும் உண்டு. இக்கருத்துகள் பிறந்த இடங்கள் மறைந்துகொண்டிருக்கின்றன. காந்திநகரின் கபாலி திரையரங்கு 2017-இல் மூடப்பட்டது. 1974-இல் தொடங்கிய காவேரி, அரை நூற்றாண்டை நிறைவு செய்து 2024-இல் விடைபெற்றது. பிளாசா இருந்த மகாத்மா காந்தி சாலை இடத்தில் இப்போது மெட்ரோ ஓடுகிறது. ஒற்றைத் திரை அரங்கில் கருத்து எழுதப்படவில்லை; உரக்கச் சொல்லப்பட்டது. முன்வரிசையிலிருந்து கன்னடத்தில் ஒரு கிண்டல், பின்னாலிருந்து தமிழில் ஒரு பதில், பால்கனியிலிருந்து தெலுங்கிலோ உருதுவிலோ ஒரு சிரிப்பு. பல மொழிகள் கலந்து ஒரு படத்துக்கு உரை எழுதிய அந்தக் கூட்டத்தின் இடத்தில், இன்று தனியறையில் காதில் ஒலிவாங்கியோடு கைப்பேசியில் பார்க்கும் ஒருவர் இருக்கிறார். அவர் எழுதும் கருத்து நீளமானது, தேதியிட்டது, எளிதில் கிடைப்பது. அதனாலேயே ஆய்வுகள் அதை மட்டும் ‘பார்வையாளர் கருத்து’ என்று எண்ணத் தொடங்கிவிட்டன.

திரைப்படங்களைக் காக்கப் புனேயில் 1964 முதல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. பார்வையாளரின் பேச்சைக் காக்க அத்தகைய இடம் இல்லை. அதை உருவாக்குவது மாணவர்களின் கைக்கு எட்டும் வேலை. பெங்களூருவின் கல்லூரிகளில் திரைப்படமும் சமூகவியலும் பயிலும் ஒரு வகுப்பு, தம் வீட்டாரிடமும் அண்டை அயலாரிடமும் ஒரே ஒரு திகில் படத்தைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்தால் போதும். 1979-இல் அனந்த் நாக்கும் லட்சுமியும் நடித்த ‘நா நின்ன பிடலாரே’யை முதல் வெளியீட்டில் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். படப்பிடிப்புக் குழுவையே பேய்க்கதைக்குள் தள்ளிய உபேந்திராவின் ‘ஷ்!’ (1993) படத்தைக் கல்லூரிக்கு மட்டம் போட்டுப் பார்த்தவர்கள் இப்போது பெற்றோர்.

கேட்க வேண்டியது ‘பிடித்ததா?’ என்று அன்று. எந்த அரங்கில், யாரோடு பார்த்தீர்கள்? போகும் முன் படத்தைப் பற்றி என்ன கேள்விப்பட்டிருந்தீர்கள்? இடைவேளையில் என்ன பேசிக்கொண்டீர்கள்? அரங்கு எப்போது சிரித்தது, யார் செத்தபோது கைதட்டியது? வீடு திரும்பும் வழியில் எதற்குப் பயந்தீர்கள்? எந்த மொழியில் விடை வருகிறதோ அந்த மொழியிலேயே, சொன்னவர் சொன்ன சொல்லிலேயே எழுதிவைக்க வேண்டும். ‘லாஜிக் இல்லை’ என்று ஒருவர் சொன்னால் அங்கே நிறுத்திவிடாமல், அவர் இடத்தில் இருந்திருந்தால் எந்தக் காட்சியில் திரும்பிப் போயிருப்பார், யாரை உடன் அழைத்துக்கொண்டு போயிருப்பார் என்று அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். அந்த விடையில் படத்தைவிட, சொல்பவர் வாழும் ஊர் அதிகம் இருக்கும்.